முட்டையை என்ன செய்வது?

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது ஆமை இல்லை, ஆம்பி, அதாவது காளான் பூத்த வீடு என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அமீனாவைப் பற்றி எனக்குத் தெரியும். அரசாங்க எழுத்தராக இருந்த காலத்தில் ஜப்திக் காகிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆமையைப் பற்றி இந்த எழுபது வயதுக்கு மேல்தான் படிக்க வேண்டி வந்தது.

காரணம், நான் இப்போது இருக்கும் இடம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் வந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பாதிப் பேர் தொழிற்சாலைப் பிள்ளைகள். கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி என்று ஏதோ ஒன்றைச் செய்யும் இடத்தில் வேலை. மூன்று வருடம் இருப்பார்கள், பிறகு புனே, சானந்து என்று மாற்றல் வரும். நாயும் பூனையும் வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். அதனால் வண்ண மீன் கடையில் போய், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சையாக, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட ஆமைக்குட்டி இரண்டை வாங்கி வந்துவிடுவார்கள். கண்ணாடித் தொட்டி, நாலு கூழாங்கல், ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம். குழந்தைக்கும் பொழுது போகும்.

அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும் என்று கடைக்காரர் சொல்வதில்லை. முப்பது வருடம் இருக்கும் என்றும் சொல்வதில்லை. மாற்றல் உத்தரவு வந்ததும் தொட்டி பழைய சாமான் கடைக்குப் போகும், ஆமை பக்கத்து ஏரிக்கோ கோயில் குளத்துக்கோ போகும். கொஞ்சம் மனசாட்சி உள்ளவர்கள் வாட்ஸ்அப் குழுவில் "யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார்கள்.

எங்கள் குடியிருப்பில் அப்படி எடுத்துக்கொள்கிற ஒரு பையன் இருக்கிறான். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை, வயது முப்பத்தொன்று. மொட்டை மாடியில் ஒரு சின்டெக்ஸ் தொட்டியைக் குறுக்கே அறுத்து, வடிகட்டி வைத்து, வெயில் காய ஒரு பலகையும் போட்டு, ஆறு ஆமைகளை வைத்திருக்கிறான். எல்லாம் மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டுப் போனவை. நல்ல பிள்ளை. அந்த ஆறில் நாலு பெண். சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில் ஒன்று, பக்கத்தில் இருந்த பூச்செடி மண்ணைத் தோண்டி ஏழு முட்டை இட்டுவிட்டது.

இதில் ஒரு வழக்கு வந்தது. குடியிருப்பு சங்கத்தில் யார் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமானாலும் என்னிடம் வருவது வழக்கம், ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு அதுதான் மரியாதை. சங்கச் செயலாளர் "மாடியில் ஆமைப் பண்ணை நடக்கிறது, நோட்டீஸ் எழுதிக் கொடுங்கள்" என்றார். நோட்டீஸ் எழுதுவதற்கு முன் நேரில் பார்ப்போம் என்று மாடி ஏறினேன்.

"அங்கிள், விக்கிறதுக்கு இல்ல. பொரிக்கட்டும்னு விட்டிருக்கேன், அவ்வளவுதான். உயிர் அங்கிள் அது" என்றான்.

அவன் மனைவி இன்னும் தெளிவாகச் சொன்னாள்: "காப்பாத்தறோம்னு கொண்டாந்துட்டு, அதோட முட்டைய நாமளே அழிச்சா பாவம் இல்லையா?"

இந்தக் கேள்விக்கு நோட்டீஸ் பதில் இல்லை. ஆகவே கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் விசாரித்தேன், ஒரு நாள் பயணமும் போனேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆமையின் ஜாதகம். சிவப்புக் காது ஆமை என்கிறோம். சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. அங்கே பண்ணையில் வளர்த்து உலகம் முழுக்கக் குட்டியாக விற்றார்கள். குழந்தைகள் கையில் எடுத்து விளையாடி சால்மொனெல்லா கிருமியால் நோய் வருகிறது என்று 1975-இல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை வளர்ப்புக்கென விற்கக்கூடாது என்று அமெரிக்காவே தன் நாட்டில் தடை போட்டது. ஏற்றுமதி நின்றுவிடவில்லை. இன்று உலகின் மோசமான நூறு அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று வைத்திருக்கும் பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. விட்ட இடத்தில் உள்ளூர் ஆமையின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் எடுத்துக்கொள்ளும், நோயையும் கொடுக்கும். கேரளத்தில் பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் சில வருடங்களாக இதைத் தேடிப் பிடித்தும், வளர்ப்பவர்களிடமிருந்து வாங்கியும் சேர்க்கிறது. அஸ்ஸாமில் குவாஹாத்தியில் கோயில் குளத்திலேயே பார்த்திருக்கிறார்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் பிடிபடுவது நாளிதழ் படிக்கிற நமக்கெல்லாம் பழகிய செய்தி. பிடிபட்டதை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். பிடிபடாதது மீன் கடைக்கு வருகிறது.

என்னோடு புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நண்பன் ஒருவன் பாரிஸுக்கு வெளியே குடியிருக்கிறான். தொலைபேசியில் இதைச் சொன்னேன். "தோர்த்யு தெ ஃப்ளோரித்! எங்க ஊர்ப் பூங்காக் குளம் பூரா அதுதான்" என்று சிரித்தான். 'ஃப்ளோரிடா ஆமை' என்பது அங்கே அதற்குப் பெயர். 1997-இல் ஐரோப்பிய நாடுகள் இறக்குமதியை நிறுத்தின, 2016-இல் ஊடுருவல் இனப் பட்டியலில் சேர்த்தன. அந்த விதியை அவன் அனுப்பி வைத்தான், பிரெஞ்சில் படித்தேன். படித்தவுடன் எழுதியவர் யாராக இருந்தாலும் ஒரு நல்ல குமாஸ்தா என்று தோன்றியது. பட்டியலில் சேர்ப்பதற்கு முன்பே வீட்டில் வைத்திருப்பவர்கள், அது இயற்கையாகச் சாகும்வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தப்பிப் போகக்கூடாது, இனம் பெருகக்கூடாது. இருக்கிற உயிரைக் கொல்லச் சொல்லவில்லை. புதிதாக ஒன்று வரக்கூடாது என்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் இருப்புப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் வரவு, மறு பக்கம் வழங்கல். வழங்கல் பக்கம் காலியாகவே இருந்தால் தணிக்கைக்காரர் வந்து "இதை எங்கே வைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்பார். அந்தப் பையனின் மாடித் தொட்டியைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பதிவேடு ஞாபகம் வந்தது. ஆறு வரவு. வழங்கல் என்று எழுத ஏரியும் கிடையாது, காடும் கிடையாது, இன்னொரு வீடும் கிடையாது. ஏழு முட்டையும் பொரித்தால் வரவு பதின்மூன்று.

இன்னொன்று. ஆமைக் குட்டி ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடுதான் தீர்மானிக்கிறது. இந்த இனத்தில் குளிர்ந்த மண்ணில் ஆண், சூடான மண்ணில் பெண். நம் ஊர் மொட்டை மாடிச் சூட்டில் பொரித்தால் பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு, பெண் ஆமை ஒருமுறை சேர்ந்தால் விந்தைச் சில வருடங்கள்கூட உடம்பில் சேமித்து வைத்து முட்டையிடும். "ஆணைத் தனியாகப் பிரித்துவிட்டேன் அங்கிள்" என்று அவன் சொன்னது அதனால் உடனே பலன் தராது.

இப்போது பயணம். ஒரகடம் வழியாகப் போகும் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கிழக்கே போனால் படப்பை தாண்டி வண்டலூர் உயிரியல் பூங்கா பக்கம் சேரலாம். அங்கிருந்து கேளம்பாக்கம், கோவளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் வடநெம்மேலி, முதலைப் பண்ணை. லாரி நெரிசல் இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் காரில் போய் வந்தோம். முதலைப் பண்ணைக்கு நான் எண்பதுகளில் ஒருமுறை குடும்பத்தோடு போயிருக்கிறேன். அப்போது பார்த்தது வேறு மனசு, இப்போது பார்த்தது வேறு மனசு.

நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஐம்பது, அறுபதுகளில் தோலுக்காக முதலையைச் சுட்டுச் சுட்டு, எழுபதுகளில் நாட்டில் முதலையே இல்லாமல் போகும் நிலை வந்தது. 1975-இல் மத்திய அரசு முதலைத் திட்டம் ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் அமராவதி, சாத்தனூர் அணைப் பக்கங்களில் பண்ணைகள் வந்தன. அதற்கு முன்பே கிண்டிப் பாம்புப் பண்ணையை ஆரம்பித்திருந்த ராமுலஸ் விட்டேக்கர், 1976-இல் வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணையை அமைத்தார். ஏறத்தாழ நாற்பது முதலைகளோடு தொடக்கம். வங்கி என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். போட்டு வைத்துப் பெருக்கி, ஆற்றுக்குத் திருப்பித் தருவது நோக்கம். அது நடந்தது. வளர்ந்த குட்டிகள் ஆறுகளுக்கும் அணைகளுக்கும் போயின.

பிறகு திருப்பித் தருவது நின்றது. ஆற்றங்கரையில் மனிதர்கள் பெருகிவிட்டார்கள். எந்த ஊர்க்காரர் தன் படித்துறையில் முதலையை விடச் சொல்வார்? முதலைக்கு இது தெரியாது. அது தன் பாட்டுக்கு முட்டையிட்டது. பொதுவாக வருடம் ஒருமுறை இடும் சதுப்பு நில முதலை, நல்ல தீனியும் சூடும் இருந்தால் வருடத்துக்கு இரண்டு முறையும் இடும் என்பதை உலகுக்குச் சொன்னதே இந்தப் பண்ணைதான். எட்டரை ஏக்கரில் முதலைகள் இரண்டாயிரத்தை நெருங்கின. ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும். ஒவ்வொரு பருவத்திலும் நூற்றுக்கணக்கான முட்டைகளை எடுத்து அழிக்க வேண்டியிருக்கிறது என்று பண்ணையைச் சேர்ந்தவர்களே 2022-இல் வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த ஆண்டில்தான் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகர் மீட்பு மையத்துக்கு அனுப்பும் வேலை நடந்தது. எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு, அது தள்ளுபடி. கடற்கரையில் இருந்து கடற்கரைக்கு, நாட்டின் குறுக்கே லாரியில் ஆயிரம் முதலை.

நான் அந்தப் பண்ணையைக் குறை சொல்ல வரவில்லை. முதலை இனத்தைக் காப்பாற்றியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. படித்தவர்கள், கால்நடை மருத்துவர்கள், அரசு அனுமதி, டிக்கெட் வருமானம் எல்லாம் உள்ள இடத்துக்கே கடைசியில் "முட்டையை என்ன செய்வது?" என்ற கேள்வி வந்து நின்றது என்றால், அறுத்த சின்டெக்ஸ் தொட்டிக்கு வராதா? இதைத்தான் அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் வண்டியில் போய்த் தானும் பார்த்துவிட்டு வந்தான்.

அவன் திருப்பிக் கேட்டதும் நியாயமான கேள்வி. "சரி அங்கிள், இது அமெரிக்க ஆமை. நம்ம நட்சத்திர ஆமையா இருந்தா? அழியற இனம்தானே, பெருகினா நல்லதுதானே?"

நட்சத்திர ஆமை நம் மண்ணுக்குச் சொந்தம். ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரியும், அந்த அழகுதான் அதற்கு எமன். ராசி என்று சிலர், வாஸ்து என்று சிலர், தாய்லாந்து, மலேசியாவில் வளர்க்க என்று பலர். ஒரே ஒரு வணிக மையத்தில் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்பட்டதாக 2015-இல் ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. 2019-இல் பன்னாட்டு வணிகத்துக்கு முழுத் தடை வந்தது. நம் வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் முதல் அட்டவணைக்கு ஏறியது. அதாவது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் பையன் கேட்டதற்கு என் பதில் 'வேண்டாம்' என்பதுதான். வடமேற்கில் ராஜஸ்தான், குஜராத் பக்கத்து நட்சத்திர ஆமையும் தெற்கே நம் பக்கத்து ஆமையும் மரபணுவில் வேறு வேறு என்று கண்டிருக்கிறார்கள். கடத்தல் பெட்டியில் எல்லாம் கலந்து வரும். பிடிபட்ட ஆமையின் ஓட்டில் ஊர்ப் பெயர் எழுதியிருக்காது. ஒரே தொட்டியில் போட்டுப் பெருக்கினால் எந்தக் காட்டுக்கும் சேராத ஒன்று பிறக்கும். சிங்கத்தில் இது நடந்தது. பஞ்சாபில் சத்பீர் பூங்காவில் கிர் காட்டுச் சிங்கமும் சர்க்கஸ் வழியாக வந்த ஆப்பிரிக்கச் சிங்கமும் கலந்து குட்டிகள் பெருகின. பிறகு இனப்பெருக்கத்தையே நிறுத்தி, இருப்பவை தாமாக முடியும்வரை சோறு போட்டார்கள். அவை ஒரு தவறும் செய்யாத சிங்கங்கள். பிறந்ததற்கு மட்டும் இடமில்லை.

பெருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுந்தரவனத்தில் வடநாட்டு ஆற்றாமை ஒன்று, பத்தாகூர் பாஸ்கா என்பார்கள், ஏறக்குறைய அற்றுப்போன இனம். சஜ்னேகாலியில் ஒரு குளத்தில் மிஞ்சியிருந்த பன்னிரண்டை வைத்துப் பெருக்கி, நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து, 2022-இல் பத்து ஆமைகளின் முதுகில் கருவி கட்டி ஆற்றில் விட்டு எங்கே போகின்றன என்று பார்த்தார்கள். எந்த ஊர் ஆமை என்று தெரியும், போக வேண்டிய ஆறும் அங்கேயே இருக்கிறது, பொறுப்புக்கு ஓர் அலுவலகமும் இருக்கிறது. அங்கே முட்டை பொரிக்கட்டும்.

அந்தப் பெண் கேட்ட பாவம் புண்ணியத்துக்கு வருகிறேன். இதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. என் அம்மா குருவிக் கூட்டைக்கூடக் கலைக்க விடமாட்டாள். ஆனால் விவரம் தெரிந்தால் பயம் கொஞ்சம் குறைகிறது. ஆமை முட்டையில் இட்ட அன்றைக்கு உள்ளே இருப்பது சில உயிரணுக்களின் அடுக்குதான். கண் இல்லை, இதயம் இல்லை. அன்றே எடுத்து உறைபெட்டியில் வைத்துவிட்டால் வளர்ச்சி தொடங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. தள்ளிப் போடுவதுதான் கொடுமை. ஒரு மாதம் கழித்து மனம் மாறி எடுத்தால் அது வேறு காரியம். இன்னொரு தவறும் சிலர் செய்கிறார்கள். முட்டையே இடக்கூடாது என்று மண்ணை எடுத்துவிடுகிறார்கள். இட இடம் கிடைக்காத பெண் ஆமை முட்டையை உள்ளேயே அடக்கி வைத்து, நோய் வந்து செத்துப்போகும். ஆண் இல்லாவிட்டாலும் அது முட்டை இடும். ஆகவே தாய்க்கு ஈர மணல் நிரம்பிய ஒரு பெட்டி கட்டாயம் வேண்டும். அவள் நிம்மதியாக இட்டுவிட்டுப் போகட்டும், பிறகு முட்டையை எடுக்கலாம்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது முதல் ஈடு முட்டைக்கு ஐம்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அதை யாரும் தொடவில்லை. மூன்று பொரித்தன. அடுத்த ஈட்டை அந்தப் பெண்ணே மணலில் இருந்து எடுத்து, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, "தொடாதே" என்று எழுதி உறைபெட்டியில் வைத்தாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வைத்தாள் என்று அவன் சொன்னான். நான் நோட்டீஸ் எழுதவில்லை. சங்கக் கூட்டக் குறிப்பில் "மாடியில் ஒன்பது ஆமைகள், மேலும் சேர்க்கப்பட மாட்டா, யாருக்கும் கொடுக்கப்படவோ வெளியே விடப்படவோ மாட்டா" என்று ஒரு வரி, கீழே அவன் கையெழுத்து. "உனக்குச் சானந்துக்கு மாற்றல் வந்தால்?" என்று செயலாளர் கேட்டார். "லாரியில ஏத்திக்கிட்டுப் போவேன் சார், முதலையே போச்சே" என்றான். எனக்குப் பிடித்தது.

பக்கத்துக் குடியிருப்பில் யாரோ வெளிநாட்டுப் பந்து மலைப்பாம்பு வளர்த்துக் குட்டியும் எடுப்பதாகப் பேச்சு. நிறத்துக்கு ஒரு விலையாம். அதற்கு 2024-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், குட்டி பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும். நல்ல விதி, ஆனால் கணக்கு எழுதத்தான் அது சொல்கிறது. இருபது, முப்பது வருடம் வாழும் பாம்பை வாங்குகிறவன் எத்தனை வருடம் வைத்திருப்பான் என்று அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால், கோடையெல்லாம் சேற்றுக்குள் கிடந்த பாலாமைகள் எங்கள் பக்கத்து ஏரியிலிருந்து வெளியே வரும். முன்பெல்லாம் கிணற்றில் தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று பிடித்து விடுவார்களே, அதே ஆமைதான். ஏரிக்கும் வயலுக்கும் நடுவில் இப்போது ஆறு வழிச் சாலை. சென்ற மழையில் ஒன்று சாலை ஓரத்தில் ஓட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தொழிற்சாலை வாயிற்காவலர் ஒருவர் கையைக் காட்டிக் கண்டெய்னர் லாரியை நிறுத்தி, சாக்கில் எடுத்துக் கொண்டுபோய், அது பார்த்துக்கொண்டிருந்த திசையில் மறுபக்கம் விட்டார். படம் எடுத்தீர்களா என்று கேட்டேன். "எதுக்குங்கய்யா, அது போய்டுச்சு" என்றார்.